நகல்: அனைவருக்கும்

பெரியப்பா தாலுகா ஆபீஸில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவர். 2001-இல் 58 வயது முடிந்து, ஒரு சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆள்தான் ஓய்வு பெற்றாரே தவிர, கை ஓய்வு பெறவில்லை. தன் மேசைக்கு வந்த எந்தக் காகிதமும் பொழுது சாய்வதற்குள் வேறொரு மேசைக்குப் போய்விட வேண்டும் என்பது அந்தக் கையின் கொள்கை. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அடுத்த மேசைக்காரரின் கவலை.

வீட்டில் நகர்த்துவதற்குக் காகிதம் இல்லை. கரண்ட் பில் அட்டையைப் பெரியம்மாவிடம் நகர்த்திப் பார்த்தார். பெரியம்மா அதே வேகத்தில் திருப்பி நகர்த்தினார். ஆறு மாதம் இப்படி ஓடியது. அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். மணிக்கு முப்பது ரூபாய்.

அங்கிருந்த பையன் அவருக்கு ஒரு இமெயில் முகவரி போட்டுக் கொடுத்தான். அன்று சாயங்காலம் சென்னையில் இருந்த எனக்கு, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ஒரு கடிதம் வந்தது. நலம், நலமறிய ஆவல், இது கம்ப்யூட்டரில் இருந்து எழுதுவது, இப்படிக்குப் பெரியப்பா. நான் நெகிழ்ந்துபோய் இரண்டு பக்கத்துக்குப் பதில் போட்டேன். அதை அவர் படித்தாரா என்று தெரியாது. ஏனென்றால் மறுநாள் அவர் ஃபார்வர்டு பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டார்.

அதோடு ‘சிசி’ என்ற கட்டத்தையும். சிசி என்றால் கார்பன் காப்பி என்று பையன் விளக்கியபோது பெரியப்பாவுக்குக் கண்ணே கலங்கியிருக்கும். ஆபீஸில் கார்பன் தாள் வைத்து அடித்தால் நாலாவது நகலிலேயே எழுத்து மங்கிப்போகும். இதிலோ எண்பத்து நாலாவது நகலும் பளிச்சென்று இருந்தது. எண்பத்து நாலு பேர் என்பது நான் எண்ணிப் பார்த்தது. அத்தனை முகவரியும் மெயிலின் தலையில் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும். அதற்குக் கீழே, ஏற்கெனவே இது கடந்து வந்த ஊர்களின் வரிசைகள். வரிக்கு வரி முள்வேலி போட்டதுபோல அம்புக்குறிகள். அத்தனையும் தாண்டி உள்ளே போனால், கடைசியில் ஒரு விஷயம் இருக்கும். மைக்ரோசாஃப்ட் முதலாளி பில் கேட்ஸ் தன் சொத்தைப் பங்கு போடுகிறார்.

அந்த பில் கேட்ஸ் மெயில் 1997-லேயே அமெரிக்காவில் கிளம்பிய புரளி. கேட்ஸ் ஏதோ மெயில்களைப் பின்தொடரும் புரோகிராம் எழுதியிருக்கிறாராம். இது ஆயிரம் பேரைப் போய்ச் சேர்ந்தால், பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் டாலரும் ஒரு விண்டோஸ் 98-ம் இலவசமாம். பெரியப்பா கைக்கு அது 2002-இல்தான் வந்து சேர்ந்தது. அன்றைய கணக்கில் டாலர் நாற்பத்தெட்டு ரூபாய். நாற்பத்தெட்டாயிரத்தில் கொல்லைப்புறத்துக்கு டைல்ஸ் போட்டுவிடலாம் என்று போனில் சொன்னார். “அந்த விண்டோஸை நீ எடுத்துக்க தம்பி” என்றார், பெருந்தன்மையாக.

எனக்கு இந்த வகைக் கடிதம் புதிதில்லை. 1980-களில் எங்கள் வீட்டுக்கு 15 பைசா கார்டில் வரும். ஏழுமலையான் பெயரால் இதை இருபத்தொரு பேருக்கு எழுதிப் போடவும்; எழுதிய ஒருவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார். அனுப்பியவர் பெயர் இருக்காது. கையெழுத்து மட்டும் எதிர்வீட்டு மாமியுடையது போலவே இருக்கும். இருபத்தொரு கார்டு என்றால் மூன்று ரூபாய் பதினைந்து பைசா. அம்மா யோசித்தார். எழுதினால் காசு போகும், எழுதாவிட்டால் ரத்தம். கடைசியில் அந்தக் கார்டைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். நானறிந்து பிள்ளையார் அதை யாருக்கும் ஃபார்வர்டு செய்யவில்லை. இமெயிலுக்கு அப்படியொரு உண்டியல் இல்லாமல் போனதுதான் விஞ்ஞானத்தின் குறை.

ஒருநாள், மூளையில் கட்டியோடு சாகக்கிடக்கும் சிறுவனைப் பற்றிய மெயில் வந்தது. கின்னஸ் சாதனைக்காக அவனுக்கு விசிட்டிங் கார்டு அனுப்ப வேண்டுமாம். தேடிப் பார்த்தேன். சிறுவன் நிஜம்தான். கிரெய்க் ஷெர்கோல்ட், இங்கிலாந்துக்காரன். 1989-இல் ஒன்பது, பத்து வயதில் அவனுக்குக் கட்டி வந்தது. நலம்பெற வாழ்த்தும் அட்டைகளில் சாதனை படைக்கட்டும் என்று ஊர் கூடி அனுப்பியதில், 1991-க்குள் மூன்று கோடி அட்டைகளைத் தாண்டிவிட்டது. அதே வருஷம் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை நடந்து, பையன் பிழைத்தும்விட்டான். போதும், நிறுத்துங்கள் என்று அவன் வீட்டார் கெஞ்சியும் அட்டைகள் நிற்கவில்லை. வாழ்த்து அட்டை போகப்போக விசிட்டிங் கார்டாகத் திரிந்துபோனது. பெரியப்பா இரக்கப்பட்டபோது அவன் இருபது வயதைத் தாண்டிய இளைஞன்.

இதை அவரிடம் போனில் விளக்கினேன். பெரியப்பா ஒரு கணம் அமைதியாக இருந்தார். “பொழச்சிட்டானா! பாத்தியா, நான் அனுப்புனது வீண் போகல.”

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் பிழைப்பில் கைவைக்கும் நாள் வந்தது. இலவச மெயில் பெட்டிகள் சிக்கனமாக இருந்த காலம் அது. ஹாட்மெயிலில் மொத்தமே 2 எம்.பி. இடம்தான். பெரியப்பா நட்பின் மேன்மை குறித்து ஒரு பவர்பாயிண்ட் கோப்பு அனுப்பினார். ஒரு ரோஜா மலரும், அதன்மேல் ஒரு வாசகம் தட்டாமாலை சுற்றிக்கொண்டு வந்து உட்காரும், பின்னணியில் புல்லாங்குழல். எடை 1.8 எம்.பி. நட்பு வந்து உட்கார்ந்ததும் பெட்டி நிறைந்துவிட்டது. அந்த வாரம் ஒரு கம்பெனி அனுப்பிய நேர்முகத் தேர்வு அழைப்பு, இடமில்லை என்று வாசலோடு திரும்பிப் போயிற்று. விஷயம் தெரிந்து பெரியப்பாவிடம் கொதித்தேன். “ஒம் பெட்டி சின்னப் பெட்டியா இருந்தா நான் என்னப்பா பண்றது?” என்றார்.

2004-இல், ஏப்ரல் முதல் தேதி பார்த்து, ஜிமெயில் ஒரு ஜி.பி. இடம் தருவதாக அறிவித்தது. முட்டாள்கள் தின விளையாட்டு என்று பலர் நம்பவில்லை. நான் நம்பி மாறினேன். நட்பின் மேன்மையைப் போல ஐந்நூறு கோப்புகளை இனி வைத்துக்கொள்ளலாம். பெரியப்பாவுக்கும் இது தெரியவந்தது.

பொறுத்துப் பொறுத்து ஒருநாள் பதில் எழுதினேன். ஐயா, சாப்பிட்டதும் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் புற்றுநோய் வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை; தயவுசெய்து சரிபார்த்து அனுப்பவும். மரியாதையான கடிதம்தான். ஆனால் பதில் பொத்தானுக்குப் பதில் ‘அனைவருக்கும் பதில்’ பொத்தானில் கை பட்டுவிட்டது. எண்பத்து நாலு பேருக்கும் போனது.

அதற்கு வந்த எதிரொலியை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. அத்தை வீட்டு மாமா மட்டும் போன் செய்து, “பெரியவுக ஒண்ணு சொன்னா சரின்னு போயிரணும் மாப்ள. தண்ணி குடிச்சா ஒனக்கென்ன, குடிக்காட்டி ஒனக்கென்ன?” என்றார். அதைவிடக் கொடுமை, குளித்தலையில் இருந்த ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர். நான் பார்த்தே இராதவர். என் கடிதம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், அன்று முதல் எனக்கு நேரடியாகவே ஃபார்வர்டு அனுப்பத் தொடங்கினார்.

இனி வாய்ப்பேச்சு உதவாது என்று, பெரியப்பாவின் மெயில்கள் கண்ணில் படாமல் தனி அறைக்குப் போய்விடும்படி வடிகட்டி ஒன்று போட்டேன். இரண்டு வருஷம் நிம்மதி. அந்த நிம்மதிக்குள்தான் அவர் பேத்தியின் காதுகுத்து நடந்து முடிந்தது. தபால் செலவு எதற்கு என்று பத்திரிகையை ஸ்கேன் செய்து, ‘ஃபார்வர்டு: ஃபார்வர்டு: அவசியம் பார்க்கவும்’ என்ற வழக்கமான தலைப்பில் அனுப்பியிருக்கிறார். நான் போகவில்லை. மொய்யும் செய்யவில்லை.

புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இதன் கனம் சொல்லாமலே புரியும். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, அந்தப் பக்கம் பேராவூரணி வரைக்கும் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். கல்யாணம் காதுகுத்து என்று காரணம் எதுவும் வேண்டாம். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். வாங்கியது நோட்டில் ஏறும். கொடுத்தவர் விருந்து வைக்கும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். 1935-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஒரு சங்கிலிக் கடிதம் கிளம்பியது. ஆறு பெயர்கள், மேலே இருப்பவருக்குப் பத்து சென்ட் அனுப்பிவிட்டு, அவர் பெயரை அடித்து, உன் பெயரைக் கீழே சேர்த்து ஐந்து பேருக்கு அனுப்பு, உன் முறை வரும்போது 1,562 டாலர் 50 சென்ட் வரும். கடிதங்கள் குவிந்து அந்த ஊர்த் தபால் ஆபீஸே திணறிப்போனது. என்னைக் கேட்டால் அதுவும் மொய்தான். கறிச்சோறும் நோட்டும் இல்லாததால் நாறிப்போனது.

காதுகுத்துக்கு வராத குற்றத்துக்காக ஊருக்குப் போய் நின்றேன். பெரியப்பா மொய் நோட்டை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எடுத்தது ஒரு பழைய டைரி. அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். வரிசை எண், தேதி, பொருள், யாருக்கு, பதில் வந்த விவரம். தாலுகா ஆபீஸில் தன்பதிவேடு என்று ஒன்று வைத்திருப்பார்கள், அதே அமைப்பு. அனுப்பிய ஃபார்வர்டு ஒவ்வொன்றும் பதிவாகியிருந்தது. என் பெயருக்கு நேரே நானூற்றுப் பன்னிரண்டு. பதில் வந்த விவரம் என்ற கட்டம் பாலைவனம்போல் கிடக்க, ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு மையில் ‘ஆட்சேபணை’ என்றிருந்தது.

“குளித்தலைக்காரரைப் பாரு,” என்று விரலை வைத்தார். “நூத்துக்கு நூறு. ஒண்ணுக்கு ஒண்ணு திருப்பி அனுப்பிருக்காரு. அவரு எனக்கு என்ன ஒறவா, ஒட்டா?”

இதற்குள் பெரியம்மா சாப்பாடு போட்டிருந்தார். சாப்பிட்டு முடித்த பெரியப்பா ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ் தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

“பெரியப்பா, கேன்சர் வரும்னு நீங்கதான அனுப்புனீங்க?”

“எது?” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு வெளிச்சம் வந்தது. நான் பல வருஷமாக மொய்க் கவருக்குள் இருக்கும் நோட்டு கள்ள நோட்டா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கவரின் மேல் எழுதிய பெயரை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

அன்றிலிருந்து மொய் கட்டினேன். வாரம் ஒன்று. என்னிடம் சரக்கு ஏது? குளித்தலைக்காரர் அனுப்புவதை எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்புவேன். அவர்கள் இருவரும் ஏற்கெனவே அதையேதான் பரிமாறிக்கொண்டிருந்தார்கள் என்பது யாருக்கும் பிரச்சினையாக இல்லை.

பிறகு பிரவுசிங் சென்டர் செல்போன் ரீசார்ஜ் கடையாக மாறியது. பெரியப்பா வாட்ஸ்அப்புக்கு மாறினார். குடும்பக் குழுவில் அறுபத்து நாலு பேர். காலை நாலே முக்காலுக்கு முதல் ரோஜா பூக்கும்.

இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற புரளி போன் போனாகப் பரவியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிப்போன ஒரு மூதாட்டியைக் கும்பல் அடித்தே கொன்றது. வழியில் ஒரு குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் புரளி எங்கள் குழுவிலும் வந்தது. பெரியப்பாதான் போட்டிருந்தார். நான் பார்த்தேன். ஆட்சேபணை எழுதவில்லை. செய்தி வந்த பிறகு நாலு நாள் குழுவில் ரோஜா பூக்கவில்லை.

அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. “அஞ்சு நகலுக்கு மேல இல்லையாம்ல? யார் கையெழுத்துல வந்த உத்தரவு?” என்று பெரியப்பா கேட்டார். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒரு சமயத்தில் ஓர் இடத்துக்குத்தான் என்று இன்னும் இறுக்கினார்கள். முப்பத்து மூன்று வருஷம் அரசாணைகளோடு குடும்பம் நடத்தியவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம். செய்தியை நகலெடுத்துப் புதிதாக ஒட்டி அனுப்பினால் அது ஃபார்வர்டு ஆகாது, மூலப்பிரதி ஆகிவிடும் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்து, அந்த வழிமுறையையும் குழுவுக்கு அனுப்பி வைத்தார்.

காலை வணக்கப் படங்களால் இந்தியர்களின் போன்கள் நிரம்பித் திணறுவதைக் கூகுள் ஆட்கள் கண்டறிந்ததாக 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியிருந்தது. என் போன் திணறியது போன மாதம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தேன். ரோஜா, ரோஜா, சூரியோதயம், முருகன், காபிக் கோப்பை, ரோஜா. கட்டைவிரல் தானாகப் போய்க்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு படம் வித்தியாசமாக இருந்தது. பூ இல்லை, வாசகம் இல்லை. கோணலாக எடுத்த ஒரு தரை. புத்தம்புது டைல்ஸ். ஓரத்தில் துவைக்கிற கல். அடியில் எடுத்தவரின் பெருவிரல்கள் இரண்டு தெரிந்தன.

எண்பது வயதானால் ஓய்வூதியத்தில் இருபது சதவீதம் கூட்டித் தருவார்கள். பில் கேட்ஸ் கைவிட்டதைக் கருவூலம் கொடுத்திருக்கிறது. படத்தின் கீழே, ‘கொல்லை வேலை முடிந்தது. பெரியப்பா’ என்று இருந்தது. அனுப்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. குழுவில் அறுபத்து நாலு பேர். ஒரு கட்டைவிரல்கூட உயரவில்லை. அவர் எடுத்த படம் என்று யாருக்குத் தோன்றும்?

‘டைல்ஸ் அருமையா இருக்கு பெரியப்பா. என்ன கலர் இது, சாம்பலா?’ என்று அனுப்பினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதில் வந்தது.

‘தாமதமாக வரப்பெற்றது. பதிவு செய்யப்பட்டது.’ கூடவே ஒரு ரோஜா.