பால்மரத்து வாரிசு

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் யாராவது கார் பானெட்டைத் திறந்தால் போதும், இரண்டே நிமிடத்தில் ஓர் அங்கிள் வந்து எட்டிப் பார்ப்பார். ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ, இன்னொரு கை இடுப்பில்.

"ஆயில் சீலா? என்ன தடவிப் போடப் போறே?"

கிள்ளானிலும் இவர் உண்டு. அங்கே தெங்கு கிளானா சாலைப் பக்கம் நடமாட்டம். மெக்கானிக் அல்ல, அலுவலகத்தில் பேனா பிடித்து ஓய்வு பெற்றவர். ஆனால் 1985இல் புரோட்டோன் சாகா வந்த புதிதிலேயே ஒன்றை வாங்கியவர். அந்த ஒரு பட்டமே ஆயுளுக்கும் போதும்.

ரப்பர் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. "எங்க பாட்டி பால்மரம் சீவுனவங்கடா. ரப்பரப் பத்தி எனக்கே பாடமா?" 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளே அவருடைய பங்காளிகள் என்பது போல ஒரு தோரணை.

பாவம், இன்ஜின் சீலில் பால்மரத்துப் பால் ஒரு சொட்டும் கிடையாது. பெரும்பாலும் அது நைட்ரைல். 1930களில் ஜெர்மனியில் உருவான செயற்கை ரப்பர். சூடு அதிகமான இடங்களில் ஃபுளோரின் சேர்ந்த ரகம். பாட்டி சீவிய ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பிக் குழைந்துவிடும். நைட்ரைல் எண்ணெய்க்கு அசையாது, அதற்குத்தான் மவுசு.

அங்கிளின் மருந்துப் பெட்டியோ வேறு: தேங்காய் எண்ணெய், வாஸ்லின், கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்பிரே, இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். கடைசிச் சரக்கில் இரும்புத் தூள் மிதப்பதை யாராவது சொன்னால், "அதுல சத்து இருக்கு" என்பார்.

கிள்ளான் போர்மேன் ஒருவர் இதற்கு முடிவு கட்ட நினைத்தார். நாசி லெமாக் பொட்டலத்தில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டையும் புது ஓ-ரிங் ஒன்றையும் மூடியில் எண்ணெய் ஊற்றிப் போட்டுவைத்தார். மறுநாள் பேண்ட் மழைக்கால மண்புழுவாக உப்பிக் கிடந்தது. ஓ-ரிங் போட்டது போட்டபடி. அங்கிள் இரண்டையும் நசுக்கிப் பார்த்தார்.

"இது தாய்லாந்து ரப்பரா இருக்கும்."

போர்மேன் வேலையைப் பார்த்தார். கிராங்க் சீலின் உதட்டை விரலால் துடைத்து, புது இன்ஜின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி உட்கார வைத்தார். உலர்ந்த உதட்டோடு முதல் ஸ்டார்ட் போட்டால், சுழலும் தண்டு அதைத் தேய்த்துக் கருக்கிவிடும். (டெஃப்லான் உதடு வைத்த புது ரகத்தை மட்டும் உலர்வாகவே மாட்ட வேண்டும். அதைச் சொன்னால் அங்கிள் ராத்திரி தூங்கமாட்டார்.) "இவ்ளோதானா? ஒரு கை அள்ளிப் பூசுப்பா!" என்றார் அங்கிள்.

பிரேக் பக்கம் அவர் நகர்ந்தபோதுதான் போர்மேன் பதறினார். அங்கே இருப்பது பெரும்பாலும் இபிடிஎம் என்ற வேறொரு செயற்கை ரப்பர். சாதாரண கிரீஸ் பட்டால் உப்பி, பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். பிரேக் எண்ணெயோ அதற்கென்றே உள்ள கிரீஸோதான் தடவலாம். வேறொன்றையும் தொடாதே என்று புரியவைக்கும் ஆர்வத்தில், "முந்தி பிரேக் எண்ணெயே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான் அங்கிள், அப்பத்து ரப்பர் வேற" என்று வாய்விட்டுவிட்டார்.

பின்பாதி அங்கிள் காதில் ஏறவில்லை. இப்போதெல்லாம் தே ஓ பையோடு ஒரு சின்னப் போத்தலும் அவர் கையில் தொங்குகிறது.