வடம் பிடித்தது யார்?

கோமதி அம்மன் தேர் நிலையை விட்டு அசைய ஊரே வடம் பிடிக்க வேண்டும். ஆனால் கோபுரம், தேர், பூக்கடை, பிரியாணிக் கடை உட்பட மொத்த சங்கரன்கோவிலும் வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறதே, அதற்கு வடம் பிடிப்பவர் யார்? பெரிய படிப்புப் படித்தவர்கள் இதைக் கேட்டு அரை நூற்றாண்டு சண்டை போட்டார்கள்.

சண்டை இந்த ஊருக்குப் புதிதல்ல. சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் மல்லுக்கட்டின. அம்மன் தபசிருக்க, சுவாமி பாதிக்குப் பாதியாக வந்து பஞ்சாயத்தை முடித்தார். நிலவியல்காரர்களுக்கு அப்படி ஒரு சுவாமி வாய்க்கவில்லை.

முதலில் வந்தவர் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற லண்டன் விலங்கியல்காரர். மடகாஸ்கரில் லெமூர், நம் பக்கம் அதன் சொந்தக்காரர் தேவாங்கு, நடுவில் கடல். தேவாங்கு நீந்துகிற ஜாதியா? ஆகவே 1864இல் நடுவே ஒரு கண்டத்தை வைத்து, வேலை முடிந்ததும் முக்கிவிட்டார். அதுதான் லெமூரியா. நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? குமரிக்கண்டம் என்று பட்டா மாற்றிக்கொண்டார்கள்.

1912இல் ஆல்ஃபிரட் வேகனர் வந்தார். வானிலை ஆராய்கிறவர்; நிலவியலில் அசலூர்க்காரர். பாதிக் குற்றம் அதுவே. கண்டம் முழுகவில்லை, நகர்ந்தது என்றார். தள்ளியது யார் என்று கேட்டதும், பூமியின் சுழற்சி, நிலாவின் இழுப்பு என்று சொல்லி மாட்டிக்கொண்டார். அந்த விசை காலணாவுக்குப் பெறாது என்று ஹரால்ட் ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். வடத்தைக் காணோம், அதனால் தேர் ஓடவில்லை! தேர் தெருமுக்குத் திரும்பிவிட்டதை எட்டிப் பார்க்க ஆளில்லை. அடியில் சூடான பாறை கஞ்சி மாதிரி மெல்லப் புரள்கிறது என்ற ஆர்தர் ஹோம்ஸையும் யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. வேகனர் 1930இல் கிரீன்லாந்துப் பனியிலேயே செத்துப்போனார். கடலடிப் பாறையில் காந்தம் எழுதிய வரிகளைப் படித்த பிறகு, 1960களில்தான் வாத்தியார்கள் வழிக்கு வந்தார்கள்.

வடம் முன்னால்தான் இருந்தது, மண்ணுக்கடியில். நமக்கும் ஆசியாவுக்கும் நடுவே கிடந்த டெதிஸ் கடலின் தரை, ஆறிக் கனத்து ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்தது. அமிழ்ந்தது, பின்னால் ஒட்டியிருந்த நம்மையும் இழுத்துக்கொண்டு போனது. ஒரு காலத்தில் வருஷத்துக்கு 15 சென்டிமீட்டர் ஓட்டம். முட்டுக்கட்டை போட யாரும் இல்லாததால் சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன் ஆசியாமேல் முட்டி, இமயமலையைக் கிளப்பிவிட்டோம்.

சாட்சி வேண்டுமா? செங்கோட்டைக்கு மேற்கே, அச்சன்கோவில் பக்கம் பாறைகள் அரைபட்டுக் கிடக்கும் பழைய வடு ஒன்று ஓடுகிறது. மடகாஸ்கரின் ரனோட்சாரா வடுவோடு அதைப் பொருத்திப் பார்க்கிற நிலவியலாளர்கள் உண்டு. இரண்டு நிலமும் பிரிந்து சுமார் 9 கோடி வருஷம் ஆகிறது. பாவம் ஸ்க்லேட்டர், தேவாங்கு அப்போது பிறக்கவே இல்லை.

அடுத்த ஆடித்தபசுக்கு வருகிறவர்கள் கவனிக்க: கோயில் போன வருஷம் இருந்த இடத்தில் இருக்காது. 5 சென்டிமீட்டர் தள்ளி வரவும்.