பாட்டுக்குப் போன அப்பா

இலக்கணம் என்றாலே பிள்ளைகள் ஓடுகிறார்களே, பழவேற்காட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்?

ஊர்ப் பெயர்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தி. பழ + வேல் + காடு. கல்லும் குடமும் கற்குடம் ஆனதுபோல, ககரத்தைக் கண்டதும் லகரம் றகரமாகிவிட்டது. புணர்ச்சி விதி பஸ் ஸ்டாப்பிலேயே தொங்கும்போது கரும்பலகை எதற்கு?

'முதனிலை திரிந்த தொழிற்பெயர்' வாயில் நுழைகிற பெயரா?

நுழையாதுதான். 'படு' நீண்டு 'பாடு' ஆவதற்கு வைத்த பெயர் அது. ஆனால் பழவேற்காடு ஏரிக்கரைப் பிள்ளைக்குப் பாடு வேறு வழியில் தெரியும். எந்த இடத்தில் யார், எப்போது வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் மீனவர் ஏற்பாட்டுக்கே அங்கே 'பாடு' என்றுதான் பெயர். "அப்பா பாட்டுக்குப் போயிருக்கார்" என்றால் கச்சேரிக்கு அல்ல. டகரம் ஏன் இரட்டித்தது என்று அவனையே கேளுங்கள். வலையை விரித்தபடி யோசிப்பான்.

எழுத்தே தெரியாத பிள்ளைக்கு?

அதற்குத்தான் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். 2022 ஜூனில் தொடங்கியதும் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான். எட்டு வயதுக்குள் புரிந்து படிக்கவேண்டும் என்பது இலக்கு.

அப்போதும் 'ழ' வராவிட்டால்?

டச்சுக்காரர்களுக்கும் வரவில்லை. பழவேற்காட்டைப் 'பலியகட்டா' என்று எழுதிக்கொண்டு, 1613இல் அங்கே கோட்டையே கட்டிவிட்டார்கள்!