முடித்தாயிற்று, ஸ்தோத்திரம்

இன்று அதிகாலை 3.40க்குப் போன் அலறியது. அந்த நேரத்தில் போன் வந்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நம் வீடுகளில் அர்த்தம். மனைவி எழுந்து உட்கார்ந்து, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களையும் வயது வாரியாக நினைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். எடுத்துப் பார்த்தால், "எண்ணாகமம் 7, 8, 9 முடித்தாயிற்று. ஸ்தோத்திரம் பிரதர்ஸ்." அனுப்பியவர் எங்கள் ஆண்கள் ஐக்கியச் செயலாளர். நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் கீழே கூப்பிய கைகள் வரிசை கட்டி நின்றன.

கிறிஸ்தவ ஆண்கள் அன்றாடம் பக்திப் பழக்கங்களை வளர்ப்பது எப்படி என்று ஐந்து குறிப்புகள் எழுதித் தரும்படி சேகரப் பத்திரிகையில் கேட்டிருக்கிறார்கள். தருகிறேன். அதற்கு முன் இந்த 3.40ஐக் கொஞ்சம் பேசிவிட வேண்டும்.

ஜனவரியில் ஐக்கியத்தின் வேத வாசிப்புக் குழு போனில் தொடங்கியபோது எல்லாரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். காலை ஆறு, ஆறரைக்கு வாசித்தார்கள், "முடித்தாயிற்று" என்று போட்டார்கள், பல் தேய்க்கப் போனார்கள். கெடுத்தது ஒரு சகோதரர். 5.15க்குப் போட்டார். போட்டதோடு விட்டிருக்கலாம். "இன்று சற்றுத் தாமதம், மன்னிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தார். அவ்வளவுதான். மறுநாள் 5 மணிக்கு இரண்டு பேர். அடுத்த வாரம் 4.30. அதற்கடுத்த வாரம் மேற்கே குடியிருக்கும் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் 4.05. அவருக்கென்ன, மத்தியானம் தூங்கிக்கொள்வார்.

கேட்டால் எல்லாரும் மாற்கு 1:35ஐக் காட்டுகிறார்கள். ஆண்டவர் இருட்டோடு எழுந்து தனியிடத்துக்கு ஜெபிக்கப் போனார். சரி. அடுத்த இரண்டு வசனங்களையும் வாசிக்க வேண்டும். சீமோனும் மற்றவர்களும் அவரைத் தேடிக்கொண்டு போகிறார்கள். எழுந்த நேரத்தை அவர் யாருக்கும் அறிவித்துவிட்டுப் போகவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

போட்டி 4 மணிக்குக் கீழே இறங்கியதும் வெளிநாட்டுச் சிக்கல் வந்தது. தோஹாவில் வேலை பார்க்கும் எங்கள் தெருத் தம்பி, மறுநாள் பகுதியை ராத்திரி பத்து மணிக்கே வாசித்துவிட்டுப் படுப்பான். அங்கே பத்து என்றால் இங்கே பன்னிரண்டரை. ஆகத் தினமும் அவனே முதல். செயலாளர் யோசித்து, வளைகுடா நேரம் கணக்கில் சேராது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குள் குழுவில் இருக்கும் கணக்கு வாத்தியார் தம் மகனைப் பார்க்க மெல்போர்னுக்குப் போய்விட்டார். அவர் சாவகாசமாக ஏழு மணிக்குக் காப்பியோடு உட்கார்ந்து வாசித்தாலும் இங்கே ஒன்றரை. மனிதர் வாழ்நாளில் ஆறரைக்கு முன் எழுந்ததில்லை. அவருக்குக் குழுவில் "உங்கள் விழிப்பு எங்களுக்குச் சவால் ஐயா" என்று பாராட்டு. வளைகுடாவைத் தள்ளிய செயலாளர் ஆஸ்திரேலியாவைத் தள்ளவில்லை. வாத்தியார் சேகரக் கமிட்டியில் இருக்கிறார். இது நியாயமா என்று தோஹாத் தம்பி எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான். ராத்திரி ஒரு மணிக்கு.

வாசிக்கும் கணக்கென்னவோ பழைய கணக்குதான். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வார நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். இதைவிடக் கடினமான அட்டவணையும் உண்டு. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842இல் தம் சபையாருக்குப் போட்டுக் கொடுத்தது. நாளுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரம். புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தரம் வரும். அடுத்த வருஷமே, 29 வயதில், அவர் இறந்துபோனார். காரணம் விஷக்காய்ச்சல்தான். ஆனாலும் செயலாளரிடம் இந்த அட்டவணையைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

எங்கள் கணக்கில் ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்து நிற்கும். புத்தாண்டுத் தீர்மானங்களில் பாதி அங்கேதான் அடங்குகிறது. எங்கள் குழுவில் ஒருவர்கூடத் தளரவில்லை. பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஆசாரியன் குஷ்டத்தையும் சொறியையும் சோதித்துப் பார்க்கும் முறை வருகிறது. அதற்கு ஒருவர், "என் சூழ்நிலைக்கு ஏற்ற வார்த்தை" என்று போட்டார். அதன்பின் ஆராதனையில் அவர் பக்கத்தில் உட்காரக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

காலையில் வசனம் அனுப்பும் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊர் மொரேவிய சபையார் 1728இலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். அன்றன்றைக்கு ஒரு வசனம். அதைச் சகோதரர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். 1731 முதல் புத்தகமாகவே அச்சாகி வருகிறது. ஆனால் அவர்கள் நடந்து போய்ச் சொன்னார்கள். நடக்க வேண்டுமென்றால் நம் சகோதரர்களில் எத்தனை பேர் வசனம் அனுப்புவார்கள்?

பெண்கள் ஐக்கியத்துக்கும் குழு உண்டு. மனைவியின் போனில் பார்த்திருக்கிறேன். யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், யாருக்காக ஜெபிக்க வேண்டும், அன்றைக்குச் சாளை மீன் என்ன விலை. வேறொன்றும் இல்லை. அவள் எத்தனை மணிக்கு வேதம் வாசிக்கிறாள் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. குடும்ப ஜெபத்தை மட்டும் வீட்டுத் தலைவன் என்ற முறையில் நான்தான் நடத்துகிறேன். "மிஷனெரிகளுக்காகவும்" என்று நான் வரும்போது அடுக்களைப் பக்கம் அவள் கால் நகரும்; "நோயாளிகளுக்காகவும்" என்னும்போது தோசைக்கல் அடுப்பில் ஏறிவிடும். என் ஆமெனும் முதல் தோசையும் இதுவரை முன்பின் ஆனதில்லை.

தூக்கம் கலைந்ததே என்று நானும் எண்ணாகமம் 7ஐத் திறந்தேன். 89 வசனம். பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் காணிக்கை கொண்டுவருகிறார்கள். 130 சேக்கல் நிறையில் வெள்ளித் தாலம், 70 சேக்கலில் வெள்ளிக் கலம், பத்துச் சேக்கலில் பொன் கரண்டி, ஆடு, மாடு. நகசோன் கொண்டுவந்ததும் அதுதான், கடைசியில் அகீரா கொண்டுவந்ததும் அதுதான். "மேற்படி" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. பன்னிரண்டு தரமும் முழுசாக எழுதி, கடைசியில் கூட்டுத்தொகையும் போட்டிருக்கிறது. ஒரே மாதிரிக் காணிக்கையானாலும் கொண்டுவந்தவன் ஒவ்வொருவனும் தனித்தனி என்று கடவுள் பொறுமையாகக் குறித்து வைத்திருக்கிறார் போலும். அப்படியானால் இந்தக் கூப்பிய கைகளையும் அவர் ஒவ்வொன்றாகத்தான் எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு நிமிஷம் மனம் இளகத்தான் செய்தது. பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. அந்தப் பன்னிரண்டு பேரும் நாளுக்கு ஒருவராக வந்தார்கள். மொத்தமாக 3.40க்கு வரவில்லை.

போகட்டும். ஐந்து குறிப்புகளுக்கு வருவோம் என்று இப்போதுதான் நோட்டை எடுத்தேன். செயலாளரிடமிருந்து புது அறிவிப்பு. வெறுமனே "முடித்தாயிற்று" என்று போடுவதில் உண்மை தெரியவில்லையாம். ஏப்ரல் முதல் ஒவ்வொருவரும் வாய்விட்டு வாசித்து, குரல்பதிவாக அனுப்ப வேண்டுமாம். நான் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். சித்திரை பிறக்கிற சமயம் முதலாம் நாளாகமம் வருகிறது. முதல் ஒன்பது அதிகாரமும் பெரும்பாலும் பெயர்கள். அதன் முதல் பதிவைச் செயலாளரே அனுப்பட்டும். அங்கே வரும் ஏதோமின் பிரபுக்கள் அத்தனை பேரையும் அவர் திக்காமல் சொல்லி முடித்தால், நான் அலாரம் வைப்பதைப் பற்றி யோசிக்கிறேன்.