மாற்ற விளைவியல், உரையுடன்

மென்பொருளில் நிகழும் மாற்றம் நால்வகைப்படும்: தான் செய்தது, பிறர் செய்தது, பாதி செய்தது, யாரும் செய்யாதது. ‘சின்ன சேஞ்ச்தான்’ என்பதை ஐந்தாம் வகையாகக் கொள்வாரும் உளர். பொருந்தாது. அது ரிலீஸ் நாளன்று டெவலப்பர் வாயில் எழும் ஒலிக்குறிப்பு.

தான் செய்ததற்கு டிக்கெட் உண்டு. போன ரிலீஸிலிருந்து காப்பி அடித்த ‘இம்பாக்ட் அனாலிசிஸ்’ பத்தியும் உண்டு. விரித்தால் பெருகும்.

பிறர் செய்ததற்குச் சான்று, 2016 மார்ச்சில் என்பிஎம் என்னும் நிரல் கிடங்கிலிருந்து அதை எழுதியவரே எடுத்துவிட்ட லெஃப்ட்-பேட். 11 வரி நிரல். அதை அறியாமலே நம்பியிருந்தோரின் பில்டுகள் உலகெங்கும் உடைந்தன.

பாதி செய்ததே உரைக்கு இடம் தருவது. 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்காவின் நைட் கேபிடல் என்னும் பங்கு வணிக நிறுவனம். புதிய நிரல் ஏறவேண்டிய சர்வர்கள் 8, ஏறியவை 7. புதிய வசதிக்கோ பழைய ஃபிளாக் ஒன்றையே மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். எட்டாவது சர்வரில் அந்த ஃபிளாக், 2003 முதல் உறங்கிக்கிடந்த ‘பவர் பெக்’ நிரலை எழுப்பிவிட்டது. சந்தை திறக்கும் 9:30 மணிக்கு முன்பே, ‘பவர் பெக்’ பெயரைச் சொல்லியே 97 தானியங்கி மின்னஞ்சல்கள் போயின, கவனித்தார் இல்லை. 45 நிமிடத்தில் நட்டம் 44 கோடி டாலருக்கு மேல். இடையில், பழுதைத் தீர்க்கிறோம் என்று ஒழுங்காக இருந்த 7 சர்வர்களிலும் புதிய நிரலைக் கழற்றினார்கள். அங்கும் பழையது விழித்துக்கொண்டது. ஆகவே பின்வாங்கலும் மாற்றமே என்பது இவ்வுரையாசிரியர் துணிபு.

இனி, யாரும் செய்யாதது. செய்யாதது எங்ஙனம் மாற்றமாகும் எனின், ஏரியான் 5 காண்க. ஏரியான் 4 ராக்கெட்டில் நன்றாக ஓடிய திசையறி நிரலை ஏறக்குறைய அப்படியே இதில் வைத்தார்கள். மாறியது ராக்கெட், இதன் கிடைத்திசை வேகம் முன்னதைவிட விரைவாக ஏறும். அதைச் சார்ந்த 64 பிட் எண் ஒன்று, 32,767-க்கு மேல் கொள்ளாத 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை; திசையறி கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே நிரல் ஆதலால், அதுவும் அதே காரணத்தால் நின்றது. 1996 ஜூன் 4 அன்று எஞ்சின் மூண்ட 40 நொடிக்குள் ராக்கெட் சிதறியது. அக்கணக்கு ஏரியான் 5 தரையை விட்டபின் தேவையே படாதது என்பதையும் ஈண்டுச் சேர்த்துக்கொள்க.

இவ்வகைக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ‘மாற்றிய கோப்புகள்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுதவேண்டியிருக்கும்; லீடும் பார்த்துவிட்டு அப்ரூவ் செய்வார்.