சைட் மேலாளர் திருச்சமூகத்துக்கு ஒரு வாழ்த்துமடல்

கட்டுமானக் குலதிலகமே, கான்கிரீட் வேந்தே, மேலாளர் பெருந்தகையே! தங்கள் திருவடிகளுக்கு எளியேனின் வணக்கம்.

நீளும் பூமால் சுமை தூக்கும் டெலிஹேண்ட்லர் வண்டியின் கேபினில் ஒட்டியிருந்த, எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டின் மேல் அடுத்த மாதத்து வேலை அட்டவணையை ஒட்டிய தங்கள் கருணையை எங்ஙனம் புகழ்வேன்! எண்களைக் கண்டு ஆபரேட்டர் கலங்கலாகாது என்ற தாயுள்ளம் அன்றோ அது! தூக்கும் இயந்திரத்தில் பாதுகாப்பான சுமையளவு தெளிவாகத் தெரியவேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் மத்திய விதிகள் சொல்கின்றனவாம். விதி எழுதியவர்களுக்குத் தங்களைப்போல் மாதக் கடைசிக்குள் ஸ்லாபு போட வேண்டிய கவலை உண்டா என்ன?

முன் அச்சிலிருந்து 2 மீட்டரில் 4 டன் தூக்கினால் எத்தனை கவிழ்விசையோ, 8 மீட்டரில் 1 டன் தூக்கினாலும் அத்தனையே. நீளும் பூமின் எடையும் முன்னே போய்ச் சேர்வதால் அந்த 1 டன்னுக்கும் இடமில்லை. கோழைகள் இதற்கு அஞ்சி வண்டியைக் கிட்டே கொண்டுபோய், பூமைச் சுருக்கித் தூக்குவார்கள். தாங்களோ வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்த '4 டன்' ஒன்றையே வேதவாக்காகக் கொண்டு, பூம் முழுக்க நீண்டபின்னும், "இன்னும் ரெண்டு கட்டு கம்பி வைடா" என்று அருளினீர்கள்.

கேபினின் எச்சரிக்கை விளக்கில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, அலாரம் அலறியபோது தங்கள் வள்ளன்மை பொங்கியதே, அதைச் சொல்லாமல் விடலாமா! முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. தாங்கள் பூட்டிவைக்க வேண்டிய, எச்சரிக்கையை மீறி இயக்கும் பைபாஸ் சாவியையே ஆபரேட்டருக்கு ஈந்தீர்கள்.

அந்த அலாரமும் முன்பக்கக் கவிழ்வை மட்டுமே அறியும். பக்கவாட்டுச் சாய்வை அறியாது. ஆகவே நேற்று மண் கொட்டி மூடிய குழாய்ப் பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தச் சொன்ன தங்கள் நுண்ணறிவுக்கு எந்த விளக்கும் குறுக்கே வரவில்லை. பின் அச்சு நடுவில் ஊசலாடும் அமைப்பு. நான்கு சக்கரம் இருந்தும் வண்டி முக்கோணத்தில்தான் நிற்கிறது. ஒரு சக்கரம் சற்று அமிழ்ந்தாலும், உயரே உள்ள சுமையோடு சேர்ந்த வண்டியின் ஈர்ப்பு மையம் அந்த முக்கோணத்தைத் தாண்டிவிடக்கூடும். அப்படி வண்டி சாயும் காட்சியைக் கீழே நின்று காணும் பேற்றை ஹெல்பர்களுக்கும் குறைவின்றி வழங்கினீர்கள்.

"ஆபத்துன்னா குதிச்சிடு" என்ற திருவாக்கு ஒன்று போதும், தங்கள் பெயர் நிலைக்க! சீட் பெல்ட் ஆளைக் கேபினுக்குள் பிடித்துக் காக்கும்; குதிப்பவன் மேல்தான் அந்தக் கேபின் விழும். இதை அறிந்த சிற்றறிவினர் மத்தியில் பெல்ட்டைச் சீட்டுக்கு அடியில் செருகச் சொன்ன மேதை தாங்கள் ஒருவரே.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கள் துறவு! கட்டளையிட்ட பெருமை துளியும் தமக்கு வேண்டாமென, வண்டி கவிழ்ந்தபின் எழுதிய அறிக்கையில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்றெழுதி, எல்லாவற்றையும் அவருக்கே தாரைவார்த்தீர்கள். அவருடைய வலது கை இனி உதவாது என்றறிந்து, ஆஸ்பத்திரிக்கே எழுந்தருளி, இடது கைப் பெருவிரலில் தாங்களே மை தடவி அந்த அறிக்கையில் பதித்தும் கொடுத்தீர்களாமே!