ஏழாம் நம்பர் அறைத் தன்வந்திரி

ஏற்காடு பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரில், ஈரத்தில் சுருண்ட மஞ்சள் நோட்டீஸில், எங்கள் பரம்பரை வைத்தியர் மாதந்தோறும் எழுந்தருளுகிறார். கீழே சேலத்தில் ஒரு லாட்ஜ், அறை எண் 7. மேகவெட்டை, கிரந்தி, நரம்புத் தளர்ச்சி, சகலமும் குணம், ரகசியம் காக்கப்படும். பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரமே செய்யக்கூடாது என்று 1954-ல் ஒரு சட்டம் வந்தது. மக்கள் சேவைக்காக அதையும் மதிக்காத தியாகி அவர்.

எஸ்டேட் பையன்கள், டாக்சி ஓட்டுகிறவர்கள், சுற்றுலா வந்த கையோடு கவலையும் பிடித்துக்கொண்ட கனவான்கள் எல்லோரும் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப்போய் அவரைத் தரிசிப்பது சும்மா இல்லை. கைராசி அப்படி. வலிக்காத புண்ணோடு ஒருவன் போகிறான். பொட்டலத்தில் செந்தூரம், டப்பாவில் லேகியம், ஒரு மண்டலம் பத்தியம். புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது. 48 நாள் முடிவதற்குள் புண் மாயம்! பரங்கிப்புண் என்று பெரியவர்கள் சொன்ன அந்த சிபிலிஸ் புண், ஒன்றுமே செய்யாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும் என்பதை மட்டும் வைத்தியர் சொல்வதில்லை. தன்னடக்கம். ஆறியது புண்தான், கிருமி உடம்பிலேயே குடியிருக்கும். பல வருஷம் கழித்து மூளைக்கோ இதயத்துக்கோ போகலாம், கர்ப்பிணியிடமிருந்து பிள்ளைக்கும் போகலாம். அதற்குள் வைத்தியர் லாட்ஜ் மாறியிருப்பார்.

ரகசியம் காப்பதில் அவருக்கு நிகர் அவரே. மனைவிக்குக்கூடத் தெரியாது, ஆகவே மனைவிக்கு மருந்தும் கிடையாது. வெட்டையும் கிளமிடியாவும் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே இருக்கும். கருக்குழாய் அடைத்து, பிள்ளை வரம் கேட்டு அவள் சேர்வராயன் கோயில் படியேறும்போது கணவன் மறுபடி மலை இறங்குவான். அதற்கும் அறை எண் 7-ல் லேகியம் உண்டு.

அரசு ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இந்தப் பண்பு போதாது. ரத்தம் எடுக்கிறார்கள், துணையையும் கூட்டிவரச் சொல்கிறார்கள். அறிகுறிக்கு ஏற்ப சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஏழு நிறத்தில் மருந்துப் பொட்டலம் வைத்திருக்கிறார்கள். காசும் வாங்குவதில்லை, ஓசி மருந்துக்கு என்ன மகிமை? ஆரம்பகட்ட சிபிலிஸ் என்றால் ஒரே தடவை பெனிசிலின் ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கத்தரிக்காயைக்கூட விடச் சொல்வதில்லை.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்தம் சேகரித்து, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்து, எச்.ஐ.வி. இந்தியாவுக்கு வந்துவிட்டதைக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு அலைச்சல்! நம்மவர் மணிக்கட்டைத் தொட்டாலே போதும்.

ஆணுறை என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர் இல்லை. ஹெபடைடிஸ்-பி, எச்.பி.வி. தடுப்பூசிகளுக்கும் அதே மௌனம். வருமுன் காத்துக்கொண்டால் வந்தபின் வைத்தியரிடம் யார் வருவார்கள்? பாவம், அவரும் லாட்ஜ் வாடகை கட்ட வேண்டுமே.

மகானின் பெருமைக்கு நானும் நீங்களும் தகுதியில்லாதவர்கள். நமக்கு 1097 போதும். கட்டணமில்லாத எச்.ஐ.வி. உதவி எண்; பெயர் சொல்ல வேண்டாம், பரிசோதனை எங்கே என்று சொல்வார்கள். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.